காணோம் என்று சொல்லாத டாக்டர்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சொல்லுக்கு இடமில்லை. "காணோம்" என்ற சொல். கத்தரிக்கோலைக் காணோம், மார்க்கர் பேனாவைக் காணோம் என்று யாராவது வாயெடுத்தால் போதும். டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "காணோம்னு சொல்லாதீங்க. இருக்குற எடம் தெரியலன்னு சொல்லுங்க."

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதை வேடிக்கை என்று நினைப்பார்கள். ஒரு மாதம் போனால் அவர்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிடுவார்கள். என் மனைவிக்கு அது எரிச்சல். வீட்டில் உப்பு டப்பா அகப்படாதபோது நான் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஒருமுறை உப்பில்லாத ரசம் சாப்பிட்டேன்.

மலாக்காவில் டுரியான் துங்காலுக்குப் போகும் சாலையில் இருந்த அந்தச் சிறிய ஆய்வகத்தில் செல் வளர்க்கும் அறை என் பொறுப்பு. வெப்பம், வாயு, தட்டுகள், செல்லுக்கு ஊற்றும் திரவம், எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருப்பது என் வேலை. டாக்டர் அங்கே ஆராய்ச்சியாளர். பல வருடம் சேர்ந்து வேலை செய்தோம். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே டாக்டர் என்றே எழுதுகிறேன். அவரைப் பற்றி இப்போது எழுதக் காரணம், அவருடைய அந்த ஒரு பழக்கம் என் அக்காவின் உயிரோடு வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டது. அக்கா பிழைப்பாரா மாட்டாரா என்று நாங்கள் நின்ற நாட்கள் உண்டு. அதற்கு வருமுன் டாக்டரைக் கொஞ்சம் காட்டிவிட வேண்டும்.

குள்ளமான பெண். வேக நடை. புதுக் கையுறை ஒன்றின் மணிக்கட்டு வளையத்தை வெட்டித் தலைமுடியைக் கட்டியிருப்பார். சாமான்கள் வாங்கும் பொறுப்பும் என்னுடையது என்பதால் அந்தக் கையுறை எனக்கு உறுத்தும். காலையில் பால் சேர்க்காத கோப்பி ஓ கலக்கி மேசையில் வைப்பார், குடிக்க மறப்பார், மத்தியானம் ஆறிப்போனதை ஒரே மடக்கில் முடிப்பார். சர்க்கரை கிடையாது. எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். ஆனால் அந்தக் கதையை அவராக எடுத்ததில்லை. கேட்டால், "அந்த லயம் இருந்த எடத்துல இப்ப தாமான் வீடுங்க வந்திருச்சு. ஆனா எங்க வீட்டுப் பலா மரம் மூணாவது வரிசை மூலையில நிக்குது" என்பார். போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது அதிலிருந்தே தெரியும்.

ஒருமுறை மலாக்கா நகரத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். பேரங்காடி ஒன்றில் கார் நிறுத்திய இடம் தெரியவில்லை, கொஞ்சம் வர முடியுமா என்றார். குரலில் பதற்றமே இல்லை. நான் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். இருவரும் மாடி மாடியாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு தூணையும் அவர் பார்த்த விதத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. பார்த்த வரிசைக்கு மறுபடி போகவில்லை. கடைசி மாடியில் வெயிலில் நின்றுகொண்டு கண்ணை மூடி யோசித்தார். பிறகு, "கார் வீட்டுல இருக்கு. காலையில பக்கத்து வீட்டு அக்காவோட கார்ல வந்தேன்" என்றார். வெட்கப்படவில்லை. சோதனை முடிவு ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார். "அது போட்ட எடத்துலதான் இருக்கு. நாம தேடுன எடந்தான் தப்பு." எனக்குக் குடிக்கக் குளிர்ந்த செண்டோல் வாங்கிக் கொடுத்தார். அந்த விடுப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

இந்தக் குணத்தை எல்லாரும் ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. நாங்கள் போகும் கோயிலில் அன்னதானத்தன்று சாம்பார் ஊற்றும் பெரிய கரண்டி ஒன்று அகப்படவில்லை. வெண்கலக் கரண்டி, யாரோ உபயம் செய்தது. வேறு கரண்டி வைத்துப் பந்தி நடந்துவிட்டது. எல்லாரும் மறந்தும்விட்டார்கள், சமையல்காரரைத் தவிர. அவர் எடுத்திருப்பார் என்று இரண்டு பேர் ஜாடையாகப் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. டாக்டர் அவரிடம் போய், கடைசியாக அந்தக் கரண்டி எந்தப் பாத்திரத்தில் இருந்தது, அந்தப் பாத்திரம் பிறகு எங்கே போனது, யார் தூக்கினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாத்திரம் ஒரு நிர்வாக உறுப்பினர் வீட்டு விசேஷத்துக்கு இரவல் போயிருந்தது. கரண்டி அதன் அடியில், அவர்கள் வீட்டுச் சாமான் அறையில் இருந்தது. அந்த வீட்டம்மா அதற்குப் பிறகு டாக்டருடன் பேசுவதை நிறுத்திக்கொண்டார். சமையல்காரர் மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்கென்று சர்க்கரைப் பொங்கலைத் தனியாக எடுத்து வைத்தார்.

கோயிலில் அவரை எல்லாரும் டாக்டர் என்பதால் முட்டிவலி, மூட்டுவலி எல்லாம் அவரிடம் வரும். "நான் தட்டுல வளர்ற செல்லுக்குத்தான்மா டாக்டர். உங்களுக்கு இல்ல" என்பார். சிரிப்பார்கள். மறுபடியும் முட்டியைக் காட்டுவார்கள்.

இனி அவருடைய வேலை.

மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று செக்கச்செவேலென்று இருக்கும். மருத்துவமனையில் எல்லாரும் அதைச் சிவப்பு ஊசி என்பார்கள். அந்த மருந்துக்கு ஒரு வசதி உண்டு. நுண்ணோக்கியில் சரியான வெளிச்சம் பாய்ச்சினால் அது தானே ஒளிரும். செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். சாதாரணப் புற்றுநோய்ச் செல்லில் அது நடுவில் உள்ள கருவுக்குள் போய் உட்காரும். கரு சிவப்பாக மின்னும், செல் சாகும். மருந்துக்குப் பழகிப்போய்ச் சாகாமல் நிற்கும் செல்களை நாங்கள் தனியாக வளர்த்தோம். அவற்றில் கரு இருட்டாக இருக்கும். மருந்தைச் செல் வெளியே துப்பிவிடுகிறது என்றே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அப்படித் துப்புகிற செல்களும் உண்டு.

டாக்டர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே உள்ள திரவத்தை அளந்து பார்த்தார். துப்பியிருந்தால் அங்கே கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. "அப்ப உள்ளதான் இருக்கு" என்றார். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தபோது கருவைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன.

அந்தப் புள்ளிகள் லைசோசோம்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற சிறிய பைகள். உள்ளே அமிலம். செல் தன் குப்பையை அதில் போட்டுக் கரைத்துக்கொள்ளும். குப்பைத் தொட்டி மாதிரி என்பதால் டாக்டர் அதைக் குப்பைத் தோங் என்பார். சிவப்பு மருந்து ஒரு மெல்லிய காரம். அது பைக்குள் நுழைந்து அமிலத்தைத் தொட்டதும் மின்னேற்றம் ஏறிவிடும். பிறகு பையின் சுவரைத் தாண்டி வெளியே வர முடியாது. எங்கள் செல்கள் அப்படித்தான் பிழைத்திருந்தன. விஷத்தைக் குப்பைத் தோங்கில் போட்டு மூடிவிட்டுப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

அந்தத் தோங்கை எப்படி உடைப்பது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பையின் சுவர் கொழுப்பால் ஆனது, கொலஸ்ட்ராலும் அதில் உண்டு. செல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே படிப்படியாகத் தயாரிக்கும். அந்தத் தயாரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தட்டில் ஊற்றி இரண்டு நாள் விட்டார். பிறகு சிவப்பு மருந்தைக் கொடுத்தார். புள்ளிகள் மங்கின. கரு சிவந்தது. சாகாத செல்கள் செத்தன.

நாங்கள் கைதட்டினோம். அவர் தட்டவில்லை. தடுத்த படிக்கு அடுத்து செல் எந்தப் பொருளைச் செய்யுமோ, அந்தப் பொருளைத் தனியாக வாங்கி ஊற்றச் சொன்னார். அது கிடைத்தால் செல் மறுபடி கொலஸ்ட்ரால் செய்துகொள்ளும். ஊற்றினோம். சிவப்புப் புள்ளிகள் திரும்பி வந்தன, செல்கள் பிழைத்தன. அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. "மூடுன கதவைத் திறந்து பாக்காம, மூடுனதுதான் காரணம்னு சொல்லக் கூடாது" என்றார். செல்கள் மறுபடியும் பிழைத்ததைப் பார்த்து ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

அந்த வருடம் கோயில் மகளிர் பிரிவினர் அவரைப் பேச அழைத்தார்கள். புற்றுநோய் பற்றிப் பெண்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பூசை முடிந்து, மண்டபத்தில் வடையும் தேநீரும் முடிந்து, டாக்டர் வெள்ளைப் பலகையில் ஒரு செல்லை வரைந்தார். அதற்குள் மூடி போட்ட குப்பைத் தோங் ஒன்றையும் வரைந்தார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கொழுப்பு செய்வதை நிறுத்தினால் தோங் ஓட்டையாகி மருந்து வெளியே வருகிறது என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர், "அடேயப்பா" என்றார்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "அந்தக் கொழுப்பை நிறுத்துற மருந்து, கிளினிக்ல நமக்குக் குடுக்குற கொலஸ்ட்ரால் மாத்திரை மாதிரியா டாக்டர்?" என்று கேட்டார்.

"அதே குடும்பந்தான்மா" என்றார் டாக்டர்.

சரியான பதில். அடுத்த கேள்வி, சாப்பாடு எப்போது என்பது.

என் அக்கா கடைசி வரிசையில் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்குச் சிவப்பு ஊசி ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கட்டியை ஊசியால் சுருக்கிவிட்டு, பிறகு அறுவை செய்வதாகத் திட்டம். கட்டி எதிர்பார்த்தபடி சுருங்கவில்லை. இன்னும் ஒரு ஊசி பார்ப்போம், இல்லாவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றுவோம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மாற்றுவது என்றாலே அக்காவுக்குப் பயம். முடி கொட்டி, வாய் புண்ணாகி, இவ்வளவு பட்ட பிறகு இந்த மருந்து வீண் என்று கேட்க அவருக்கு மனம் இல்லை.

பேச்சு முடிந்ததும் அக்கா டாக்டரிடம் போய், அந்தச் சிவப்பு ஊசிதான் தனக்கும் என்றார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். அதற்குப் பிறகு தஞ்சோங் கிளிங் கடற்கரைக்கு மீன் வாங்க வரும்போதெல்லாம் அக்கா வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போவார்.

அப்படி வந்த ஒரு காலை. சனிக்கிழமை என்று நினைத்திருந்தேன், குறிப்பைப் பார்த்தால் ஞாயிறு. நானும் அங்கே இருந்தேன். டாக்டர் கெம்போங் மீனை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்காவின் கணவரான மச்சான் அவருக்குக் கோப்பி ஓ கலக்கினார். அக்கா சோபாவில் படுத்திருந்தார். தொடையும் தோளும் அடித்துப் போட்டதுபோல வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்றார். எல்லாம் ஊசியின் வேலை என்று அவரே முடிவும் சொன்னார்.

மச்சானுக்கு வேறு குறை. லோரி ஓட்டி ஓய்ந்தவர், பேச ஆள் கிடைத்தால் விட மாட்டார். தேதிக்கு முன்னாலேயே கொலஸ்ட்ரால் மாத்திரை தீர்ந்துபோய்க் கிளினிக்குக்குப் போனாராம், தாதி ஏசிவிட்டாராம். "ரெண்டு மாசத்துக்குக் குடுத்தோம், ஒரு மாசத்துல முடிஞ்சிருச்சுன்னா என்ன, அரிசியிலயா போட்டுச் சமைக்கிறீங்கன்னு கேக்குது டாக்டர், அந்தப் பொண்ணு."

டாக்டர் கோப்பியை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "மாத்திரை எங்கண்ணே போச்சு?"

"பிஸ்கட் டின்லதான் போட்டு வெச்சேன். காணோம் லா."

நான் டாக்டரைப் பார்த்தேன். வழக்கமான வாக்கியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணுக்குப் போறது என்ன நெறம்?"

அக்கா போர்வையை இழுத்துக்கொண்டார். "தம்பிய வெச்சுக்கிட்டு என்ன கேள்வி டாக்டர் இது?"

"தம்பி மீன் தொட்டியப் பாக்கட்டும். சொல்லுங்க."

நான் மீன் தொட்டியைப் பார்த்தேன்.

"செவப்புதான். அந்த ஊசி போட்டா செவப்பாத்தான் போவும், பயப்படாதீங்கன்னு மொதல்லயே சொல்லிட்டாங்களே."

"ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆவப் போவுது. அந்தச் செவப்பு ஒரு நாள், ரெண்டு நாள். அதுக்கு மேல இருக்காது. செவப்பா, இல்ல இந்த மாதிரியா?" என்று கோப்பிக் குவளையைத் தூக்கிக் காட்டினார்.

அக்கா குவளையைப் பார்த்தார். "இந்த மாதிரிதான்" என்றார்.

"அப்ப இந்த நெறம் எங்கேர்ந்து வருது?"

மச்சானுக்கு இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, டின்னிலிருந்த மாத்திரை ராத்திரி ரெண்டு, சில நாள் மூணு என்றார். பிறகு திரும்பி டாக்டரை நேராகப் பார்த்தார்.

"நீங்கதான சொன்னீங்க. தோங் உடைஞ்சா மருந்து வெளிய வரும்னு. அதே குடும்பந்தான்னு."

டாக்டர் மன்னிப்பும் கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ஆமா, சொன்னேன்" என்றார். "கார் சாவி எங்க?"

சாவி அவர் கையிலேயே இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே பார்த்துக்கொண்டார்.

கடலோரச் சாலையில் மருத்துவமனைக்குப் போகிற வழியில் நான் ஓட்டினேன். பின்னால் அக்காவும் அவர் பக்கத்தில் டாக்டரும். மச்சான் என் அருகில் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளினிக்கில் மறுபடி கொடுத்த மாத்திரையைக் காட்ட வேண்டும் என்று டாக்டர்தான் எடுத்துவரச் சொன்னார். அக்கா அழவில்லை. தான் கண்டுபிடித்த வைத்தியத்தைப் பாதியில் பிடுங்கிவிட்டார்களே என்ற கோபம்தான் அவரிடம் தெரிந்தது.

"அக்கா, நீங்க முழுங்குன மாத்திரை எங்க போவும்?" என்று டாக்டர் கேட்டார்.

"கட்டிக்கு."

"போவாது. வயித்துலேர்ந்து நேரா ஈரலுக்குப் போவும். ஈரல் அதுல முக்காவாசியப் பிடிச்சு வெச்சுக்கும். அது அங்கதான் வேலை செய்யணும், நல்லதுதான். கட்டி வரைக்கும் வர்றது கொஞ்சூண்டு. நான் தட்டுல ஊத்துறது அதப்போலப் பல மடங்கு. அந்த அளவு வரணும்னு நீங்க மாத்திரையக் கூட்டினா, தோங் உடையறதுக்கு முந்தி உங்க தசை உடையும். இப்ப அதான் உடைஞ்சு, கோப்பி நெறத்துல வெளிய வருது. அது கிட்னிய அடைக்கும்."

அக்கா மச்சானின் மடியில் இருந்த டின்னை எட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப அங்க மட்டும் எப்படி வேலை செஞ்சுச்சு?" என்றார்.

"என் தட்டுல ஈரல் இல்லக்கா."

அவ்வளவு படித்தவர், அவ்வளவு எளிதாக அதைச் சொன்னார்.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதையே அங்கிருந்த இளம் மருத்துவர் வேறு சொற்களில் சொன்னார். தசை கரைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, சிறுநீரகம் தவிக்கிறது, மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும், சொட்டு மருந்து நிறைய ஏற்ற வேண்டும். சிறுநீரகம் தேறுமா என்று மச்சான் கேட்டதற்கு, சில நாள் போனால்தான் தெரியும் என்றார். அடுத்த ஊசியும் தள்ளிப்போகும். கட்டியோ இருந்த இடத்தில் இருக்கிறது.

அந்தச் சில நாட்களில் டாக்டர் தினமும் வந்தார். வந்ததும் சிறுநீர்ப் பையின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார், பிறகுதான் அக்காவின் முகத்தை. நடைக்கூடத்தில் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அன்று மண்டபத்தில் தான் சொன்னதில் எது தப்பு என்று கேட்டார். நான் ஞாபகத்திலிருந்து வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். தப்பான வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்றேன்.

"அதான். நானும் தேடிட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். கையில் இருந்த குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "மருந்து எங்க போவுதுன்னு இத்தன வருஷமாக் கேக்குறேன். நான் சொன்னது யாரு வீட்டுல போயி என்ன பண்ணும்னு ஒரு தடவ கேக்கல."

நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். அவருக்கு ஆறுதல் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்து என்ன செய்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் முகம் அது.

சிறுநீரின் நிறம் கோப்பியிலிருந்து பாலில்லாத தேநீருக்கு வந்தது, தேநீரிலிருந்து எலுமிச்சைச் சாற்றுக்கு வந்தது. அக்கா வீடு திரும்பினார். அதற்குள் டாக்டர் கோயில் நிர்வாகத்திடம் மண்டபத்தைக் கேட்டிருந்தார். தலைவருக்கு விருப்பமில்லை. நல்லபடியாக நடந்த நிகழ்ச்சி, இப்போது போய்ப் பயமுறுத்தினால் ஜனங்கள் உண்மையாகவே தேவையான மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. டாக்டர் அதை ஒப்புக்கொண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன் என்றார். "ஒரு வீட்டு டின்ல கொறைஞ்சிருக்கு. மத்த டின் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

அதே மண்டபம், அதே வெள்ளைப் பலகை. இந்த முறை அவர் செல்லை வரையவில்லை. ஒரு ஆளை வரைந்தார், அதற்குள் பெரிதாக ஒரு ஈரலை வரைந்தார். ஈரல் பூசணிக்காய்போல இருந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள்.

"போன தடவ நான் சொன்னது தட்டுல உண்மை" என்றார். "தட்டுக்கு ஈரல் கிடையாது, தசை கிடையாது, கிட்னி கிடையாது. உங்களுக்கு எல்லாம் இருக்கு. கிளினிக்ல ஒண்ணு போடுங்கன்னு குடுத்தா ஒண்ணு போடுங்க, அதை நிறுத்தாதீங்க. ரெண்டாக்காதீங்க. அடுத்தவங்க டின்லேர்ந்து எடுக்காதீங்க." பிறகு, யாராவது கூடுதலாகச் சாப்பிட்டீர்களா, புற்றுநோய் இருக்கிறவர்கள் யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

ஒரு கையும் எழவில்லை. அந்தப் பெண்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், சம்பந்திகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். யார் கை தூக்குவார்கள்? டாக்டர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கார் நிறுத்துமிடத்தில் நின்ற அதே நிற்பு.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. என் அக்கா எழுந்து நின்றார். இன்னும் முழுதாகத் தெம்பு வரவில்லை, மச்சான் முழங்கையைப் பிடித்திருந்தார்.

"நான் சாப்ட்டேன்" என்றார் அக்கா. "இவருது. ராத்திரி மூணு. மூத்திரம் கோப்பியாட்டம் போயி ஆஸ்பித்திரியில கெடந்தேன். இனிமே நீங்க பாத்துக்குங்க."

உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நடுவரிசையில் ஒரு கை பாதி எழுந்தது. பிறகு ஓரத்தில் இன்னொன்று. ஓரத்துக் கைக்காரர் கரண்டி இருந்த வீட்டம்மா. டாக்டருடன் பேசாமல் இருந்தவர். அந்த அம்மாவின் தங்கைக்கும் அதே ஊசி ஏறிக்கொண்டிருந்ததாம். மாத்திரைகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார், இன்னும் கொடுக்கவில்லை. டாக்டர் நேராக அவரிடம் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். கரண்டி பற்றி யாரும் எடுக்கவில்லை.

அக்காவுக்கு மருந்து மாற்றினார்கள். அவர் பயந்த அந்த மாற்றம்தான் வேலை செய்தது. கட்டி சுருங்கியது, அறுவை முடிந்தது, முடி முன்பைவிடச் சுருட்டையாக முளைத்தது. இப்போது காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறார். மச்சான் மாத்திரைகளை டின்னில் வைப்பதில்லை, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். அக்கா அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டு அவரைத் திட்டுகிறார்.

டாக்டர் வேறு மாநிலத்துக்கு மாறிப் போய்ச் சில வருடம் ஆகிறது. அங்கும் அதே லைசோசோம், அதே சிவப்புப் புள்ளிகள். தட்டில் நடந்ததை ஈரல் உள்ள ஓர் உடம்பில் நடத்த முடியுமா, தடுக்கும் மருந்து ஈரலில் இறங்கிவிடாமல் கட்டி வரைக்கும் போக வழி உண்டா என்று தேடுகிறார். வழி உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவர் இங்கிருந்து கிளம்பிய அன்று அக்கா அவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். அது தெரிந்ததும் முதலில் தனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று.

போன தீபாவளிக்கு எனக்குப் போன் செய்தார். அக்கா வீட்டில்தான் இருந்தோம். வாழ்த்து சொல்லி முடிப்பதற்குள் அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். முறுக்கு மாவு ஒட்டிய விரலால் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"என்னா டாக்டர், தெரிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"எத்தன வருஷமா லா தேடுறீங்க. கெடைக்குமா, கெடைக்காதா?"

கோப்பி ஆறிக்கொண்டிருக்கும் மேசை ஒன்று எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"இருக்குற எடம் தெரியலக்கா."

அக்கா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிற வழியில் மச்சானிடம் சொன்னார்:

"காணோம்னு சொல்லல. அப்ப இருக்கு."